இரண்டு இடவப்பாதி பார்த்த டயர்

ஜோபி புட்டில் கடலைக்கறியை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். எதிரே அவன் மனைவி மெர்லின் கைபேசியில் டயர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். குட்டிக்கானத்திலிருந்து தினமும் மலையிறங்கி முண்டக்கயம் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவள். காரின் நான்கு டயர்களும் மொட்டையாகிவிட்டன. ஜூன் பிறந்ததும் கொட்டத் தொடங்கும் இடவப்பாதி மழைக்குப் பத்து நாள்கூட இல்லை.

"இச்சாயா, இதைக் கேளுங்க. 'ரெண்டு இடவப்பாதி பார்த்தாச்சு. கொட்டுற மழையிலயும் மலை ரோட்டுல பிடிச்ச இடத்துல நிக்கும். நம்பி வாங்கலாம்.' அஞ்சு ஸ்டார். பீருமேட்டுக்காரராம்."

ஜோபி பிசைவதை நிறுத்தினான். அது அவன் எழுதியது.

மூன்று மாதம் முன்பு, கும்ப மாத வெயிலில், ஆபீஸ் வண்டியை வீல் அலைன்மென்ட்டுக்கு விட்டிருந்தபோது, "இந்த டயருக்கு அஞ்சு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதுங்க, அலைன்மென்ட் இனாம்" என்றார் கடைக்காரர். அந்த டயரை ஜோபி தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மலை, மழை என்று சேர்த்தால் நம்புவார்கள் என்று தோன்றியது. எழுதினான், மறந்தும் போனான்.

"டயரையெல்லாம் ஓட்டிப் பார்த்து எழுதுற வண்டிப் பத்திரிகையில என்ன போட்டிருக்கு?" என்று மெல்லக் கேட்டான்.

"ஈர ரோட்டுல பிரேக் போட்டா மத்த டயரைவிட நாலு மீட்டர் தள்ளி நிக்குதாம். அவங்களுக்கென்ன, மைதானத்துல ஓட்டிட்டு எழுதுறவங்க. இவரு நம்ம ரோட்டுல ஓட்டினவரு."

நாலு மீட்டர். அவள் தினமும் இறங்கும் வளஞ்சாங்கானம் வளைவில் நாலு மீட்டர் தள்ளிப் போனால் அங்கே ரோடு இல்லை.

"மெர்லி, அதை வாங்காத. அந்தப் பீருமேட்டுக்காரன் நான்தான்."

நடந்ததைச் சொன்னான். மெர்லின் கைபேசியில் பத்திரிகைப் பக்கத்துக்குப் போய் ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"இந்த டயரே போன ஓணத்துக்குத்தான் கடைக்கு வந்திருக்கு. அதுக்கப்புறம் ஒரு இடவப்பாதிகூட வரல, இவரு ரெண்டு பார்த்துட்டாரு. பொய் எழுதவும் காலண்டர் வேணும் இச்சாயா."

ஜோபி சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குச் சொல்ல நீங்க எதிர்ல உக்காந்திருக்கீங்க. இதைப் படிச்சுட்டு வாங்கினவங்களுக்கு யாரு இருக்கா?"

அவன் கை கழுவிவிட்டு வந்து, அவள் கண்ணெதிரிலேயே அந்த வரிகளை அழித்தான்.

பிறகு இருவருமாகத் தேடினார்கள். பத்திரிகை ஈர ரோட்டில் அளந்து சொன்னதில் முதல் மூன்றை எடுத்துக்கொண்டு, அவற்றை வாங்கியவர்களில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிவிட்டு எழுதியவர்களை மட்டும் படித்தார்கள். நிறையக் குறை சொன்னவர்களையும் விடவில்லை. சனிக்கிழமை வேறொரு கடையில் டயர் மாட்டியாயிற்று. மெர்லின் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்த்து, திருப்தியாக வண்டியில் ஏறினாள்.

"சேட்டா, போனை எடுத்து ஒரு அஞ்சு ஸ்டார் தட்டுங்க. வண்டியைக் கழுவித் தர்றோம்" என்றார் அந்தக் கடைக்காரரும்.

"மழை முடியட்டும், வந்து எழுதறேன்" என்றான் ஜோபி. "ஓட்டிப் பார்க்காம நல்லா இருக்குன்னு எழுதறது உங்களுக்குச் செய்யற உதவி இல்ல சேட்டா. முகம் தெரியாத ஒருத்தர் உயிரை வச்சு நான் பொய்ச்சாட்சி சொல்றது."