தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்பவள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு என்னிடம் கைமுதலாக இருந்தது ஒரே ஒரு குனிதல்தான். ஒருமுறை கால்வாயில் படகுச் சுற்றுலா போயிருந்தேன். வறுத்த மீனும் இரண்டு கோப்பை உள்ளூர் மதுவும் கட்டணத்திலேயே சேர்த்தி. வழிகாட்டிப் பெண் படகின் முனையில் எங்களைப் பார்த்து, போகிற திசைக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டே வந்தாள். தாழ்வான பாலம் வரும்போதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே சரியாகக் குனிந்தாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சியிலதான் சார். பாலம் வந்தா எல்லாரும் கண்ண மேல தூக்குவீங்க."

அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

2

தொடக்கம் ஒன்று: "காலைப் பனியில் கால்வாய் கண்ணாடிபோல—" வேண்டாம். பனியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: "அவளுடைய தம்பியைக் காணவில்லை." இது போதும்.

(பெயர் வைக்கவில்லை. படகுத்துறையில் அவளை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது.)

படகுக்கு மீன் பிடித்து, படகிலேயே வறுத்துக் கொடுப்பவன் தம்பி. முந்தாநாள் விடியலில் சின்ன ஓடத்தை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போனான். ஓடம் மட்டும் நாணலில் சிக்கிக் கிடந்தது. தேட வந்தவர்கள் பழைய பாலம் வரைக்கும் தண்ணீரைக் கலக்கிவிட்டு, "மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று படகு முதலாளி நல்லவிதமாகத்தான் சொன்னார். "நீ வீட்ல இரும்மா. நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்."

"வேணாங்க. நானே வரேன்."

வயிற்றுப்பாட்டுக்காக என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகுதான் புரிந்தது. சுற்றுலாப் படகு பழைய பாலத்தையும் தாண்டிப் போகும். தேடுவதற்கென்று அவளுக்கு வேறு யார் படகு தருவார்கள்?

ஆனால் துறைக்கு வந்து, படகு முனையில் தன் இடத்தில் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய வேலையே தண்ணீரைப் பார்க்காமல் நிற்பது.

3

படகை ஓட்டுபவன் அவள் புருஷன். பின்கோடியில் நின்று, பயணிகளின் தலைக்கு மேலாக முன்னே பார்த்து ஓட்டுவான். அவள் அவனிடம் போனாள்.

"நீங்க பாத்துக்கிட்டே வாங்க."

"பாக்காம எப்படி ஓட்டுவேன்?"

"அது இல்லங்க. ஓரத்துல, நாணலுக்குள்ள."

"ம்."

"பாத்தா எங்கிட்ட சொல்லணும்."

"இத்தன பேர் முன்னாலயா?"

"சொல்லணும்."

அவன் தலையாட்டினான்.

இந்த ஆளை நான் வெகுநேரம் நம்பவில்லை. முந்தைய வரைவில் இவனுக்கும் மச்சானுக்கும் சண்டை மூட்டிவிட்டிருந்தேன். கைகலப்பு, ஒரு துடுப்பு, அதில் ஒரு கறை... கிழித்துப் போட்டேன். பழிபோட ஆள் கிடைத்தால் நமக்கு நிம்மதி. அவளுக்கு அதனால் என்ன? மச்சானுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவனே இவன்தான். "அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தவன், நேற்றிலிருந்து அதைச் சொல்வதில்லை.

4

மீன் பரிமாறும் இடம் வந்தது. அவளுடைய பேச்சில் இங்கே ஒரு வரி உண்டு: "இது இதே தண்ணியில, இன்னைக்கு விடியக்காலம் புடிச்ச மீன்." தம்பி அடுப்புக்குப் பின்னாலிருந்து கரண்டியை ஆட்டுவான், எல்லோரும் கைதட்டுவார்கள். இன்று அந்த வரியை விழுங்கிவிட்டாள்.

முதல் வரிசையில் ஓர் அம்மா முள்ளை எடுத்தபடியே கேட்டார். "இது இந்தத் தண்ணியில புடிச்சதாம்மா?"

அவள்—

(இங்கே அழவைத்தேன், மயங்கி விழவைத்தேன், தட்டைத் தூக்கி எறியவைத்தேன். எல்லாம் சினிமா. அடித்துவிட்டேன்.)

"இல்லம்மா. கடையில வாங்குனது."

"விளம்பரத்துல அப்படிப் போடலையே?"

"இன்னைக்குப் புடிக்க ஆள் வரலம்மா."

அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். அவள் கோப்பைகளை நிரப்பினாள். ஒரு கோப்பை நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நமக்கு முன்னாடியே அவங்க போட்டுட்டாங்க போல" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அந்த ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு. எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. கால்வாயில் ஒரு பிணம் போதும் என்று விட்டுவிட்டேன்.

(வாய் தவறிவிட்டது. அது இன்னும் முடிவாகவில்லை. மன்னிக்க வேண்டும்.)

5

பழைய பாலம். எல்லோரும் கண்ணை மேலே தூக்கினார்கள். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள். இனி வருவது யாரும் தேடாத தண்ணீர்.

பாலம் எப்போது கட்டப்பட்டது என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கண் மட்டும் முகம் முகமாகப் போய்க்கொண்டிருந்தது.

முதல் வரிசை அம்மாவின் கோப்பை உதட்டருகே நின்றது. கண் மேலே போகவில்லை. தாழ்ந்தது, தண்ணீரில் எங்கோ நின்றது. அடுத்து பக்கத்தில் இருந்தவர். அடுத்து, சிரித்த அந்த ஆள். பின்கோடியில் மோட்டார் நின்றது.

"என்னங்க?"

புருஷன் குனிந்து மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்றேன்னுதான தலையாட்டுனீங்க?"

6

முடிவு ஒன்று: அது ஒரு சாக்குமூட்டை. யாரோ சிரிக்கிறார்கள், படகு நகர்கிறது. நாளைக்கும் அவள் இதே இடத்தில், இதே முகங்களைப் பார்த்து நிற்பாள். இது கருணையா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: கால் ஒடிந்து, நாணலுக்குள்ளிருந்து தம்பி கையாட்டுகிறான். இதை எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் உயிரோடு ஒருவனைப் பார்த்தால் கத்தியிருப்பார்களே. கோப்பைகள் இப்படியா நின்றிருக்கும்?

முடிவு மூன்று: "சட்டையின் நிறம்—"

கை ஓடவில்லை.

கதை முழுக்க நான் அவள் பக்கத்தில் நின்றே எழுதிவந்தேன். என் முதுகும் தண்ணீருக்குத்தான். புருஷன் வாய் திறக்கமாட்டான். பயணிகள் ஒவ்வொருவராகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பது இப்போது நீங்கள் ஒருவர்தான்.

அவள் திரும்பவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.