அவன் உடம்பில் என் கிருமி

என்னைப் பலாத்காரம் செய்தபோது அவன் ஆணுறை போட்டிருந்தான். அதனால் விந்து இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. "அந்தப் பொண்ணை நான் தொடவே இல்லை" என்று போலீசில் சொல்லி ஜாமீன் வாங்கிக்கொண்டு, நான் வேலை பார்த்த குடோனின் மேனேஜர் நாற்காலியில் மறுபடியும் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டான். வேலையை விட்டு வீட்டில் முடங்கியது நான்தான்.

நான் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், அவன் குளிப்பதற்குள் போலீஸ் பிடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனதும் அதிர்ஷ்டம். இருவர் உடம்பிலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்தவை ஆய்வகத்தில் உறையவைத்துக் கிடந்தன. அவற்றைச் சோதித்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு விளக்கினார். ஒவ்வொருத்தர் உடம்பிலும் ஒரு கிருமிக் கூட்டம் குடியிருக்குமாம். உறவு நடந்தால் ஆணுறையையும் மீறிக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகுமாம். அவனுடைய குச்சியில் இருந்த கிருமி என்னுடையதோடு அச்சாக ஒத்துப்போனது. இதை மட்டும் வைத்துத் தண்டனை வாங்க முடியாது, ஆனால் 'தொடவே இல்லை' என்ற பொய்யை ஆட்டம் காண வைக்கலாம் என்றார். பிறகு தயங்கினார்.

"உங்களுக்கு வெள்ளைப்படுதல் இருக்கில்லம்மா, அந்தக் கிருமிதான் அது. அறிக்கையில அதுவும் வரும்."

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? என் அண்ணனிடம் ஆள் அனுப்பினார். வழக்கை வாபஸ் வாங்காவிட்டால் தங்கையின் வியாதியைக் கோர்ட்டில் நாறடிப்போம் என்று சேதி. மானம் கப்பலேறிவிடும், விட்டுத்தொலை என்று அண்ணன் கெஞ்சினான். வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை வாங்க, மருந்துக் கடையில் ஆண்கள் எல்லோரும் போகட்டும் என்று ஓரமாகக் காத்து நின்றவள் நான். அந்த வெட்கத்தைத்தான் இவர்கள் என் கழுத்தில் கயிறாகப் போடுகிறார்கள் என்று புரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, வியாதி எனக்கு. வெக்கப்படணும்னா நான் படணும். நானே படல, உனக்கென்ன?"

கோர்ட்டில் எங்கள் வக்கீல், நல்ல மனுஷர், அறிக்கையில் அந்தப் பகுதியை மட்டும் நாசூக்காகத் தாண்டிப் போனார். அதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று நீதிபதியம்மாவிடம் நானே கேட்டேன். எங்கள் வக்கீல் படித்தார். அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

"இந்தக் கிருமி உங்களுக்கு யார்கிட்டேர்ந்து வந்தது?"

"யார்கிட்டேர்ந்தும் வரணும்னு இல்ல, தானாவே வரும்னு டாக்டர் சொன்னாங்க. எப்படி வந்தா என்ன, அது என் கிருமி. வேணும்னா ஊரெல்லாம் சொல்லிக்கோங்க. என்னைத் தொடவே இல்லைங்கிறாரே, அவர் உடம்புக்கு அது எப்படிப் போச்சு? அதை அவரைக் கேளுங்க."

கேள்வி கேட்க வேண்டியது தான்தான் என்று வக்கீல் சீறினார். நீதிபதியம்மா அவரைக் கையமர்த்திவிட்டு, நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பதிவுசெய்யச் சொன்னார். மேனேஜர் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.