கோதண்டம் பெயரில் நஜீரின் ரத்தம்

பாடியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கோதண்டத்துக்குச் சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பரிசோதனைக்கு முன்னால் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொள்வார். டாக்டர் உலகநாதன் முகம் மலர்ந்துவிடும். தொண்ணூற்றாறில் அந்தத் தந்திரம் செல்லாமல் போனது. மூன்று மாதச் சர்க்கரையையும் காட்டிக்கொடுக்கும் புது ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, கண்ணும் கிட்னியும் பின்னால் கெடுமா என்பதை அதை வைத்தே கணிக்கலாம் என்று சொல்லி, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கோதண்டம் நேரே குமணன்சாவடியில் பேக்கரி வைத்திருந்த கூட்டாளி நஜீரிடம் போனார். நஜீர் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லை.

"எம் பேர்ல நீ போய் ரத்தம் குட்த்துட்டு வா நைனா. என் ரிசல்ட்டப் பாத்தா பார்வதம் சோத்துல கை வைக்க வுடமாட்டா."

"ரத்தம்தானே மாமே, எடுத்துக்கினு போவட்டும்," என்று நஜீர் அப்போதே சட்டைக் கையை மடித்தார்.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறுக்குள்ள இருக்க வேண்டியது, பன்னெண்டுக்கு மேல போயிருக்கு. இப்படியே விட்டா கிட்னி தாங்காது."

பக்கத்தில் இருந்த மனைவி பார்வதத்துக்கு அது போதும். அன்றிலிருந்து காலையில் பாகற்காய்ச் சாறு, இரவில் கேழ்வரகுக் கூழ். லேபில் எதையோ மாற்றிவிட்டார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கோதண்டம் குடித்தார்.

ஒரு சாயங்காலம் பேக்கரிக்குப் போனபோது நஜீர் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் காலி செய்தார். "இன்னா வெயிலு மாமே, தாகம் அடங்கவே மாட்டேங்குது."

அது மார்கழி மாதம். சர்க்கரை வந்த புதிதில் தனக்கும் இப்படித்தான் தாகம் எடுத்தது கோதண்டத்துக்கு நினைவு வந்தது.

"வெயிலு இல்ல நஜீரு. எம் பேர்ல வந்த நம்பரு உன்துதான்."

நஜீர் சிரித்தார். பிறகு கையிலிருந்த தேங்காய் பன்னை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

மறுநாள் இருவரும் டாக்டர் முன்னால் நின்றார்கள். நடந்ததைக் கேட்ட டாக்டர் திட்டத்தான் வாயெடுத்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். நஜீருக்கு அதே பன்னிரண்டு. கிட்னி இன்னும் கெடவில்லை, நல்ல நேரத்தில் தெரிந்தது என்றார். கோதண்டத்துக்கு ஒன்பது சொச்சம். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது, பார்வதத்துக்கு இல்லை.

விஷயம் தெரிந்து பார்வதம் புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள். ஆனால் கூழை மட்டும் கூடுதலாகக் காய்ச்சி, "அண்ணனுக்கும் சேத்துதான்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தூக்குவாளியை அவர் முன்னால் வைத்தாள்.

பேக்கரியில் நஜீர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "உனக்கு ஒத்தாசை பண்ணதுக்கு இதான் கூலியா மாமே," என்று முனகியபடியே, அடி வரைக்கும் வழித்துக் குடித்தார்.