பதினைந்து கஜம்

என் கணவன் லூஷியஸுக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள். ஒன்று மழை, இன்னொன்று கைட்ரி.

மழையைத் திட்டிப் பயனில்லை என்பதால் பதினான்கு வருடங்களாகக் கைட்ரியைத் திட்டினான். லூஷியஸ், ஹாலோவே என்ற கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் கோச்; ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம். கைட்ரி அதே கல்லூரியின் பேண்டு மாஸ்டர். ஆட்டத்தின் இடைவேளையில் கைட்ரியின் பேண்டு மைதானத்தில் இறங்கும். இருபது நிமிடத்தில் கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது வெளியேறியிருக்க வேண்டும். கைட்ரி வெளியேற மாட்டார். நடுவர் பொறுத்துப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை உருவி எறிவார். தண்டனை பேண்டுக்குக் கிடையாது, லூஷியஸின் பையன்களுக்கு. இரண்டாம் பாதியைப் பதினைந்து கஜம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். ஏற்கனவே தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்குப் பதினைந்து கஜம் என்பது வெந்த புண்ணில் பாய்ந்த வேல்தான்.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். நான் வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன, விசில் எல்லாம் பலமா இருக்கு? உன் பசங்கள்ல யாராச்சும் பந்தைப் பிடிச்சுட்டானா?"

"அதவிட நல்ல சேதி. காலேஜோட புதுத் தலைவர்கிட்ட பேசிட்டேன். இந்தச் சனிக்கிழமை மஞ்சத்துணி விழுந்துச்சுன்னா, அடுத்த வருஷத்துலேருந்து அந்த ஆளுக்குப் பத்தே நிமிஷம்தான். பாட்டு, ஆட்டம், காலேஜ் ராணிக்குக் கிரீடம் எல்லாத்தையும் அதுக்குள்ள முடிச்சுக்கணும். அந்த ஆளுகிட்டயும் தலைவர் சொல்லிட்டாரு."

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியில் கூட்டம் குறைந்துபோய், முந்தின வருடம்தான் அணியையே கலைத்திருந்தார்கள். எங்கள் தலைவர் வடக்கு மாநிலத்திலிருந்து வந்தவர், எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. காலி பெஞ்சு அவர் கண்ணில் பட்டால் எங்களுக்கும் அதே கதிதான்.

"லூஷியஸ், ஜனங்க எதுக்கு மைதானத்துக்கு வர்றாங்க?"

"இது என்ன கேள்வி? ஃபுட்பால் பாக்க."

"உன் ஃபுட்பாலையா?"

"சிரிக்காத. நான் கண்ணால பாக்கறேன். இடைவேளை முடிஞ்சு பசங்களக் கூட்டிட்டு வெளிய வர்றப்போ ஒரு பெஞ்சு காலி இருக்காது. அத்தனை பேரும் எழுந்து நின்னு கத்துறாங்க. யாருக்குக் கத்துறாங்க, அந்தத் தாரை தப்பட்டைக்கா?"

"ஆமா, அதுக்குத்தான்."

"உனக்குப் பொறாமை," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் ஆடினான், கல்லூரியில் ஆடினான், பிறகு கோச் ஆனான். இடைவேளை என்றால் அவனுக்கு உடைமாற்றும் அறை, கரும்பலகை, பையன்களின் வியர்வை நாற்றம். பேண்டு என்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் தடதடப்பு. வீட்டில் ஆட்டத்தின் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பான், அதில் இடைவேளை இருக்காது. பிறந்ததிலிருந்து மைதானத்தில் கிடக்கிற மனிதன், ஊர் எதற்காக அங்கே வருகிறதோ அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேறு ஊரில் மனிதர்கள் இடைவேளையில் எழுந்து போய்ச் சாப்பிடுவார்களாம். மிசிசிப்பியில் எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். இங்கே பசித்தவன் ஆட்டம் நடக்கும்போது போய்ச் சாப்பிட்டுவிட்டு, இடைவேளைக்கு வந்து உட்கார்ந்துவிடுவான்.

சனிக்கிழமை வந்தது. பழைய மாணவர்கள் ஊர் ஊராகத் திரும்பி வரும் சனிக்கிழமை. வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கறி சுடுகிற அடுப்புப் புகை. முதல் பாதி தொடங்கியாயிற்று, அடுப்பை விட்டு ஒருவரும் நகர்வதாயில்லை. வாசலருகே எங்கள் ஊர் ரூஃபஸ் விலா எலும்புக் கறியை அடுப்பில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கோச்சம்மா, உங்க வீட்டுக்காரர் ஜெயிக்கிறாரா?"

"உள்ள வந்து பாரேன், கண்ணு தேஞ்சா போயிரும்?"

"வருவேன் வருவேன், இடைவேளைக்கு வருவேன். அதுக்கு முன்னாடி எனக்கு அங்க என்ன வேலை?"

அவன் கொடுத்த எலும்பை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். கோபத்துக்காக நல்ல கறியை விடுகிற ஜாதி இல்லை நான்.

ஆட்டத்தின் இரண்டாவது கால் பாகம் முடிகிற நேரத்தில் எதிரணிப் பையன் ஒருவன் கோட்டைத் தாண்டி உருண்டு வந்து, ஓரத்தில் நின்ற லூஷியஸின் காலில் விழுந்தான். அந்தப் பையன் ஒரு சின்ன மாடு அளவுக்கு இருந்தான். லூஷியஸின் முட்டி போயிற்று. நான் படியிறங்கி ஓடினேன். டாக்டர் ஐஸ் கட்டிவிட்டு, அறைக்குப் போகத் தள்ளுவண்டி கொண்டுவரச் சொன்னார்.

"என் பசங்க முன்னாடி என்னக் காய்கறி மாதிரி தள்ளிட்டுப் போறதா? முடியாது," என்றான் லூஷியஸ்.

துணைக்கோச் பையன்களைக் கூட்டிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போகும் சுரங்க வழியில் போனான். லூஷியஸ் காலை நீட்டி பெஞ்சில் உட்கார்ந்தான், நான் பக்கத்தில். இடைவேளைக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

முதலில் அவன் கண்ணில் பட்டது கூட்டம்தான். அத்தனை வாசலிலும் ஜனங்கள் நெரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கையில் மீன் வறுவல் தட்டு, இடுப்பில் குழந்தை, தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. ரூஃபஸ் சமையல் ஏப்ரனோடு ஓடி வந்தான்.

"இவங்கள்லாம் எங்கேருந்து வர்றாங்க?" என்றான் லூஷியஸ்.

"வெளியிலேருந்து. நீங்க ஆடறப்போ அங்கதான் இருப்பாங்க."

அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் துக்கமாகிவிட்டது. வியாழக்கிழமை சிரித்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு பேண்டு இறங்கியது. முன்னால் வந்த பெண் முதுகை வளைத்து வளைத்து, தொப்பி இறகு புல்லைத் தொடும்வரை சாய்ந்து நிமிர்ந்தாள். முரசுகள் எழும்பின. பித்தளைக் குழல்கள் ஒரே வீச்சில் மேலே போயின. எங்கள் பெஞ்சே அதிர்ந்தது. லூஷியஸ் வாயைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடமாகத் தடதடத்தது இதுதான். தலைவர் நடுவில் வந்து, அந்த வருட ராணியாகத் தேர்ந்தெடுத்த மாணவிக்குக் கிரீடம் வைத்துவிட்டு, எங்கள் பெஞ்சுப் பக்கமாக ஒதுங்கி நின்றார்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. எப்போதும் போலக் கடைசிப் பாட்டுக்குப் பேண்டு முழுவதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுரங்க வழிப் பக்கம் திரும்பியது. அந்த மூலையில் மலிவு டிக்கெட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்காகத் திரும்புகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். இப்போது கீழே பக்கத்திலிருந்து பார்த்தேன். கைட்ரி வலது கையை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் கண் பேண்டிலும் இல்லை, மூலையிலும் இல்லை. சுரங்க வழியின் வாயிலேயே நிலைத்திருந்தது.

கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. சுரங்க வழி காலியாக இருந்தது. கோச் இல்லாமல் துணைக்கோச் பையன்களைக் கிளப்பத் தடுமாறிக்கொண்டிருப்பான். மேலே சில பேர் தட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே போக எழுந்தார்கள். கைட்ரி கையை இன்னும் உயர்த்தினார். பாட்டு ஒரு சுற்று கூடிக்கொண்டது. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கினார்கள்.

"மாஸ்டர், போதும், வெளிய வந்துருங்க," என்று முணுமுணுத்தேன். இந்த ஒரு தடவை நேரத்தோடு வெளியேறினால் அவருடைய இருபது நிமிடம் பிழைத்துவிடும். அவருக்கும் அது தெரியும். அவர் வரவில்லை.

நடுவரின் கை இடுப்புக்குப் போனது. மஞ்சள் துணி புல்லில் விழுந்தது.

கைட்ரி துணியைப் பார்த்தார். மறுபடி சுரங்க வழியைப் பார்த்தார். அங்கே இருட்டில் ஒரு ஹெல்மெட் மின்னியதும்தான் கையை இறக்கினார். பாட்டு நின்றது. எழுந்து நின்ற கூட்டத்தின் கத்தலுக்குள் எங்கள் பையன்கள் ஓடி வந்தார்கள். அதுவரை ஒரு பந்தைக்கூடப் பிடிக்காத பையன்கள், ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள்.

"வெர்லீன்," என்றான் லூஷியஸ். "அவர் என் பசங்களுக்காகக் காத்துட்டு இருந்திருக்காரு."

'அந்த ஆள்' இப்போது 'அவர்' ஆகிவிட்டதை நான் கவனித்தேன்.

தலைவர் எங்களிடம் வந்தார். "நீங்க சொன்னது சரிதான் கோச். இன்னிக்கும் விழுந்துருச்சு. அடுத்த வருஷத்துலேருந்து பத்து நிமிஷம்."

லூஷியஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்தான்.

"சார், அந்தத் துணி எங்களுது. பசங்க வர லேட்டாச்சு. அவர் மேல ஒண்ணும் இல்ல."

"நீங்கதானே வந்து கேட்டீங்க?"

"கேட்டேன். கேட்டப்போ நான் இதைப் பாத்ததே இல்ல சார். இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் பாக்கறேன்."

தலைவர் பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். வாசல் பக்கம் ஜனங்கள் மெல்ல நழுவத் தொடங்கியிருந்தார்கள். "அப்போ இந்தக் கூட்டம் உங்க ஆட்டத்துக்கு வரலையா?"

லூஷியஸின் விரல்கள் என் தோளில் அழுந்தின. பொய் சொல்ல மாட்டானா என்று ஒரு நிமிடம் நானே ஏங்கினேன்.

"இல்ல சார். அவருக்குத்தான் வருது. அவர்தான் கொஞ்சம் பிடிச்சு வெச்சு எங்களுக்கும் குடுக்கறாரு. நேரத்தைக் குறைச்சீங்கன்னா உங்களுக்குக் கூட்டமும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்."

தலைவர் நழுவுகிறவர்களை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "சரி, பழையபடியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நல்ல மனிதர்தான். வடக்கத்திக்காரர், யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

ஆட்டத்தில் தோற்றோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆட்டத்துக்கு நான்கு கால் பாகம். எங்கள் ஊரில் ஐந்தாவது கால் என்று ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு கல்லூரி பேண்டுகளும் எதிரெதிர்ப் பெஞ்சுகளில் நின்று, நீயா நானா என்று மாறி மாறி வாசிப்பார்கள். ஊர் கலையாது. அணி மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விடும். அன்றைக்கு லூஷியஸ் பையன்களைப் போக விடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, எங்கள் பேண்டுக்குக் கீழே வரிசையாக நிறுத்தினான். வாசிப்பு ஓய்ந்ததும் நொண்டிக்கொண்டே படியேறினான்.

"எதுக்கு மாஸ்டர் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

கைட்ரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நானும் ஒரு வருஷம் இதே ஹெல்மெட்டைப் போட்டவன் கோச். வெளிய வந்தா பெஞ்சு காலியா கிடக்கும். உங்க பசங்களுக்கு அது வேண்டாம்னு தோணுச்சு. அதப் போய்ச் சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

லூஷியஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நன்றி மாஸ்டர். பதினஞ்சு கஜம்தானே, எடுத்துக்குங்க."

"பசங்கள வெரசாக் கூட்டிட்டு வந்தா அதுவும் வேணாம்," என்றார் கைட்ரி.

முட்டி ஆறிவிட்டது. இப்போதெல்லாம் லூஷியஸ் உடைமாற்றும் அறையில் நீட்டி முழக்குவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கடைசிப் பாட்டு தொடங்கும் முன்பே பையன்களைச் சுரங்க வழிக்குக் கூட்டிவந்துவிடுகிறான். ஆனால் வெளிச்சத்துக்கு வருவதில்லை. ஹெல்மெட் மின்னினால் கைட்ரி பாட்டை நிறுத்திவிடுவார் அல்லவா? அதனால் எல்லோரும் உள்ளே இருட்டில் ஒண்டிக்கொண்டு, மூச்சுக்காட்டாமல், பாட்டு இன்னும் ஒரு சுற்று வரும்வரை கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

மஞ்சள் துணி இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.