பதின்மூன்றாம் கிணறு சொன்ன பதில்

கணினியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டி, ஊரிலிருந்த இருபத்தேழு கிணறுகளையும் அலேக்காகத் தூக்கி அதனதன் தெருவில் வைத்தாள் அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக்காரி. மேற்பார்வையாளர் மட்டும் நம்பவில்லை.

அதற்கு முந்தைய பதினோரு நாளும் அவள் நடைப்பிணம்தான். முன்பு வேலை பார்த்தவர் எழுதிவைத்த நிரலில் பெரிய அட்டவணை ஒன்று; வரிசைக்கொரு கிணறு, தலையில் அதன் எண், எதிரே தண்ணீர்ச் சோதனையின் முடிவு. சதுர அடைப்புக்குறிக்குள் 17 என்று கேட்டாள். ஈயம் என்றது. பதினேழாம் கிணற்றுக்குப் பூட்டு விழுந்தது. 19 என்று கேட்டாள். சுத்தம் என்றது. "பத்தொன்பதுல எடுத்துக்கக்கா, கண்ணாடி மாதிரி தண்ணி" என்று அக்காவிடம் அவளே சொன்னாள்.

பூட்டிய கிணற்றை மூன்று முறை தானே தண்ணீர் எடுத்துச் சோதித்தாள். துளி ஈயம் இல்லை.

"கம்ப்யூட்டரா பொய் சொல்லும்? குடுவையைக் கழுவுனீங்களா, அழுதே அலசுனீங்களா?" என்றார் மேற்பார்வையாளர். அழுததென்னவோ உண்மை, இரண்டு லாரித் தண்ணீர் தேறும்.

மத்தியானம் அக்கா போனில் கூப்பிட்டாள். "சின்னவளுக்கு மூணு நாளா வயித்து வலிடி. நீ சொன்ன தண்ணியத்தான் குடிக்கிறா."

19ஐ மறுபடி கேட்கலாமென்று அவசரமாகத் தட்டியதில் 13 விழுந்தது. அந்தக் கிணறு மண் மூடி ஆறு வருடம். மேலே சைக்கிள் நிறுத்துகிறார்கள். அட்டவணையோ கூசாமல் பதில் சொன்னது!

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெறும் அடைப்புக்குறி கிணற்றின் எண்ணைப் பார்ப்பதில்லை. வரிசையில் எத்தனையாவது என்று பார்க்கிறது. அதுவும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதில் ஒரு கிணறு தள்ளிப்போகிறது, அட்டவணையில் இல்லாத பதின்மூன்றால் இன்னொன்று. ஆக, 17 என்று கேட்டால் பத்தொன்பதாம் கிணறு வந்து நின்றிருக்கிறது.

வரிசையின் தலையெழுத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லும் சொல்லைக் கையேட்டில் தேடி நிரலில் சேர்த்தாள். 13? அப்படி ஒன்றில்லை என்று எரிந்து விழுந்தது. 17 சுத்தம். 19, ஈயம்.

உடனே போனை எடுத்தாள். "அக்கா, கொட்டிடு. குடத்துல இருக்கறதெல்லாம் கொட்டிடு."

"நீதானேடி குடிக்கச் சொன்ன?"

அவள் திரையை மேற்பார்வையாளர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஒரு வார்த்தைக்குக் கிணறு தெரு மாறுமா?" என்று முறைத்த மேற்பார்வையாளர், தானே போய்ப் பத்தொன்பதில் தண்ணீர் மொண்டுவந்தார். குடுவையைத் தானே கழுவினார். கருவி காட்டிய எண்ணை மூன்று தரம் பார்த்துவிட்டு, மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஈயம்தாம்மா. நீங்க சொன்னபடியேதான் நடந்திருக்கு."