நடனக் குழுவில் ஒரு முனைவர்

"இதைக் கட்டிக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் ஆடிட்டு வந்தா உன் டாக்டர் பட்டம் ஒண்ணும் கழண்டு விழுந்துடாதுடி" என்று சொல்லிக்கொண்டே, சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட நெசவுப் பாவாடையைக் கட்டிலின்மேல் விரித்தாள் ரொவீனாவின் அம்மா.

ரொவீனா காப்பிக் கோப்பையை நங்கென்று மேசையில் வைத்தாள். சொந்த ஊரான இத்தோகோனிலிருந்து முதல் ஜீப்னி வண்டியைப் பிடித்து அம்மா பாகியோ நகரத்துக்கு வந்ததே இதற்காகத்தான். ஆட மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டதும், துறைத் தலைவி வில்யரந்தே மேடம் நேராக அம்மாவுக்கே போன் போட்டுவிட்டார். பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிற ஒருத்தியைப் பற்றி, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல வீட்டுக்குப் புகார்! அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"எவ்வளவு தன்மையாப் பேசிச்சு தெரியுமா அந்தம்மா? உங்க பொண்ணு இல்லாம இந்த விழாவே இல்லைன்னுச்சு."

"அது விழா இல்லம்மா, கருத்தரங்கு. நான் கட்டுரை படிக்க வேண்டிய கருத்தரங்கு. கட்டுரையைத் தூக்கிட்டு ஆட்டத்தைப் போட்டிருக்காங்க."

பேரரசுகளும் சுரங்கங்களும் என்று பெரிய தலைப்பு. நாலைந்து நாடுகளிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். அமெரிக்கர்கள் நாட்டை ஆண்ட காலத்தில் இந்தப் பெங்கெத் மலைகளில் தங்கம் தோண்டிய கதைதான் கருத்தரங்கின் முக்கால்வாசி. அந்தத் தங்கம் யாருடைய மாட்டுக்கொட்டிலுக்கு அடியிலிருந்து வந்ததோ, அந்த இபலோய் மலைமக்களில் ஒருத்தி அந்தத் துறையில் உண்டு என்றால் அது ரொவீனா மட்டும்தான். முதல் நிகழ்ச்சி நிரலில் அவள் கட்டுரை இருந்தது. திருத்திய நிரலில் கடைசி அமர்வுக்கு இறங்கியது. மறுபடி திருத்தியபோது காணவில்லை. நேரமில்லையாம். அதற்குப் பதிலாகத் தொடக்க விழாவில் 'இபலோய் வரவேற்பு நடனம்: ரொவீனா பாதாய் குழுவினர்' என்று அச்சிட்டிருந்தார்கள். தனக்குக் குழு என்று ஒன்று இருப்பதே அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மேடத்திடம் போய்க் கேட்டாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரொவீனாம்மா, கட்டுரை யார் வேணா படிக்கலாம். இதை உங்க ஆளுங்களாலதானே செய்ய முடியும்?" என்றார். அதில் வஞ்சகமே இல்லை, நிஜமான பிரியம். அதுதான் வயிற்றெரிச்சல். கல்லூரியில் சேர்ந்த புதிதில், உங்களுக்கெல்லாம் வால் உண்டாமே என்று கேட்ட சமவெளிப் பெண்ணிடம் சண்டை போட முடிந்தது. பிரியமாகத் தலையைத் தடவுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? அவள் கதவுவரை போன பிறகு மேடம் இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை நியமனக் குழு கூடுகிறதாம்; இந்த நேரத்தில் முரண்டு பிடிக்கிறவள் என்று பேர் வாங்க வேண்டாமாம்.

வருஷா வருஷம் ஒப்பந்தம் முடியும், வருஷா வருஷம் பேர் வந்திருக்கிறதா என்று அறிவிப்புப் பலகை முன்னால் போய் நிற்க வேண்டும். மற்றவர்கள் கைவிட்ட வகுப்பெல்லாம் அவள் தலையில் விழும். இந்த முறைதான் ஒரு நிரந்தர இடம் காலியாகியிருக்கிறது. அதற்காகத்தான் அம்மாவும் காத்திருந்தாள். கீழே சுரங்கம் குடைந்து குடைந்து ஊரில் அவர்கள் வீட்டுத் தரை பிளந்து கிடக்கிறது. நிரந்தர வேலைக்காரருக்குத்தான் வங்கி வீட்டுக்கடன் கொடுக்கும்.

"போன மழையில சமையல்கட்டுச் சுவரும் வாய பொளந்துடுச்சு. உன் கட்டுரை வந்து அதைத் தாங்கிப் பிடிக்குமா?" என்று கேட்டாள் அம்மா. கேட்ட வேகத்தில் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. ரொவீனா பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அவள் எழுதியிருந்த கட்டுரை ஆட்டத்தைப் பற்றியதுதான். சொன்னால் சிரிப்பார்கள். அமெரிக்கர்கள் காலத்தில் ஒரு மலையைச் சுரங்கக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது வழக்கு நடந்தது. இவர்கள் விருப்பப்பட்டுத்தான் நிலத்தைக் கொடுத்தார்கள் என்று காட்டக் கம்பெனி வக்கீல் நீதிபதிமுன் வைத்தது மூன்று புகைப்படங்கள். மூன்றிலும் இபலோய் ஆண்களும் பெண்களும் கையை விரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவன் இப்படி ஆடுவானா என்று வக்கீல் கேட்டார். நீதிபதிக்கும் அது நியாயமாகப் பட்டது. ரொவீனா அந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள். படத்தில் இருப்பவர்களின் பேரன் பேத்திகளைத் தேடிப் பிடித்தாள். அவர்கள் ஆடிய வீட்டில் ஒரு பெண் சாகக் கிடந்தாள், அவள் பிழைக்க வேண்டும் என்று பன்றி அறுத்து ஆடியிருக்கிறார்கள். கம்பெனிக்காரன் அழையாமல் வந்து காமிராவை நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். நாலு வருஷ உழைப்பு. அதற்குத்தான் நேரமில்லை.

மண்டபம் நிரம்பியிருந்தது. அம்மா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேகண்டிகளோடு வந்திருந்தவர்கள் தேலியோ மாமாவும் அவருடைய கூட்டாளிகளும். மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், ஜீப்னி ஓட்டுகிறவர். வில்யரந்தே மேடம் ஒலிபெருக்கிமுன் நின்று, இது வெறும் ஆட்டமல்ல, இந்த மக்கள் தங்கள் சடங்கு முறையை இம்மியளவும் மீற மாட்டார்கள், நாமும் அதை மதிக்க வேண்டும் என்று உருக்கமாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆண் முன்னால் ஆட வேண்டும், பெண் பின்னால் தொடர வேண்டும். முன்னால் ஆட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஹால்வர்சனை இழுத்துவிட்டார்கள். சுரங்க வரலாற்றில் அவர் பெரிய புள்ளி. நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். தோளில் கம்பளிகளைப் போர்த்தி விட்டதும் வெட்கத்தோடு கையை விரித்துச் சுற்ற ஆரம்பித்தார். சேகண்டிகள் முழங்கின. ரொவீனா கைகளை உயர்த்திக்கொண்டு அவர் பின்னால் அடியெடுத்து வைத்தாள். மண்டபம் முழுக்க செல்போன்கள் எழும்பின. ஒரு பெண் மண்டியிட்டு, கொஞ்சம் சிரிங்க, சிரிங்க என்று சைகை காட்டினாள்.

ரொவீனா சிரித்தாள். சிரித்த அந்த நிமிஷத்திலேயே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாளைக்கு இந்தப் படமும் ஒரு கோப்பில் இருக்கும். இவள் சந்தோஷமாக ஆடினாள் என்று யாராவது எழுதுவார்கள். எழுதினால் மறுக்க யார் இருக்கிறார்கள்? அடுத்த சுற்றில் மாமாவுக்கு நேராக வந்ததும் வலது கையை நீட்டி, "நிறுத்துங்க" என்றாள்.

சேகண்டிகள் சட்டென்று நின்றன. ஆட்டத்தின் நடுவில் யாராவது இப்படி நிறுத்தினால், ஆடுகிறவர்களுக்கு வாழ்த்துச் சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம். வழக்கமாகக் கிழவர்கள்தான் நிறுத்துவார்கள். நீண்ட ஆயுசு, நிறைய மாடு என்று நாலு வார்த்தை சொல்வார்கள். சொல்லி முடித்து, சுற்றியிருப்பவர்கள் பதிலுக்குக் குரல் கொடுக்கிறவரை சேகண்டியைத் தொடக்கூடாது.

"தூரத்துலேர்ந்து வந்த விருந்தாளி நல்லா இருக்கணும். அவர் எழுதற புத்தகத்துல பொய் ஏறாம இருக்கணும்" என்று ரொவீனா ஆரம்பித்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற குரல் அவளுக்கு, ஒலிபெருக்கி வேண்டியிருக்கவில்லை. சிலர் சிரித்துக் கைதட்டப் போனார்கள். அவள் நிறுத்தவில்லை. "அதுக்காகத்தான் மூணு புகைப்படத்தைப் பத்திச் சொல்றேன்."

முதல் படத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். யார் ஆடினார்கள், அவர்கள் பேர் என்ன, உள்ளே பாயில் யார் கிடந்தார்கள், வாசலில் காமிராவோடு நின்றது யார். அடிக்குறிப்பைக்கூட விடவில்லை. தூக்கிப் பிடித்திருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

வில்யரந்தே மேடம் புன்னகை மாறாமல் மேடைக்கு வந்தார். "ரொம்ப அழகு, ரொவீனாம்மா. இப்ப வாசிக்கட்டும்" என்று மாமாவைப் பார்த்துக் கையசைத்தார்.

மாமா குச்சியை மடியில் வைத்தார். "பேச்சு முடியாம அடிக்கக் கூடாதுங்க மேடம்" என்றார் பணிவாக. "நீங்கதான சொன்னீங்க, நாங்க மீற மாட்டோம்னு."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடம் ரொவீனாவின் காதருகே குனிந்தார். புன்னகை அப்போதும் அப்படியே இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று ரொவீனாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கடைசி வரிசையைப் பார்த்தாள். அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா, திட்டுகிறாளா, அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. அந்த வீட்டை நினைத்ததும் ரொவீனாவின் குரல் ஒரு கணம் உடைந்தது.

இதற்குள் பேராசிரியர் ஹால்வர்சன், தன் பங்கு முடிந்தது என்று நினைத்து, கம்பளிகளைத் தோளிலிருந்து இறக்கப் போனார். ரொவீனா அவரைத் தடுத்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க சார். பேசி முடிக்கிற வரைக்கும் ஆடுறவங்க எடத்தை விட்டு நகரக் கூடாது" என்றாள். பிறகு மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். "ரெண்டாவது படம்."