லேபிள் சிரிப்பு

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் வந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பெரிய மனுசனும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால் ஹர்ஷினி கொஞ்சம் யோசித்திருப்பாள்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தத்தின் ஒரே மகள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. நகைக்கும் பட்டுக்கும் குறைவில்லை, குறையெல்லாம் பல்லில்தான். சின்ன வயதில் குடித்த போர்வெல் தண்ணீர் முன்பல்லில் பழுப்புக் கறையாக உட்கார்ந்துவிட்டது. நிச்சயதார்த்தப் போட்டோ அத்தனையிலும் வாயை இறுக மூடிக்கொண்டு, இழவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவள் மாதிரி நின்றிருந்தாள்.

விருதுநகரில் டாக்டர் பர்ஹத், பல்லின்மேல் மெல்லிய ஓடு ஒட்டலாம் என்றார். வெனீர் என்று பேர். அசல் ஓடு தயாராகி வரும்வரை தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்புவார். எந்த மாதிரிச் சிரிப்பு வேண்டும் என்று ஒரு படம் கொண்டுவரச் சொன்னார். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் நடிகை படத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். இவள் சிவகாசிக்காரி ஆயிற்றே. வீட்டில் கிடந்த கம்பி மத்தாப்புப் பெட்டியைக் கொண்டுபோனாள். அப்பா கம்பெனிச் சரக்கு. லேபிளில் ஒரு பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பாள். மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் பக்கத்துப் பல்லின்மேல் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் அழகு என்று டாக்டரும் ஒத்துக்கொண்டு, தற்காலிக ஓட்டையே அச்சு அசலாக அப்படி வார்த்து ஒட்டிவிட்டார்.

"நாக்கு கொஞ்சம் தடுமாறும், போகப்போகப் பழகிரும். கடினமானது எதையும் கடிச்சிராதீங்க" என்றார்.

முதல் நாள் வாய்க்குள் யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உதட்டை மூட இடம் போதவில்லை. பச்சைத்தண்ணீர் பட்டால் கூசியது. 'ச' வருகிற இடத்திலெல்லாம் காற்று கசிந்தது. நாக்கு சும்மா கிடக்காமல் போய்ப் போய் அந்தச் சாய்ந்த பல்லைத் தடவிவிட்டு வந்தது. இதெல்லாம் டாக்டர் சொன்னதுதான், போகட்டும்.

டாக்டர் சொல்லாதது மறுநாள் ஆரம்பித்தது. தோசையைப் பிட்டு வாயில் வைத்தால் அலுமினியப் பொடி ருசி. பட்டாசுக் கம்பெனி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ருசி தெரியாதா? சின்ன வயதில் விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்து அடி வாங்கியவள்தானே. வாயைக் கொப்பளித்தாள், போகவில்லை. அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தால் "யம்மா" என்று வந்தது. அம்மா சிரித்தாள். "என்னடி, கல்யாணப் பொண்ணுக்குக் கம்பெனி வேலையாளுக பேச்சு?" என்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளைக்கு அனுப்பலாம் என்று போனில் தன்னையே ஒரு படம் எடுத்தாள். கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டுதான் எடுத்தாள். படத்தில் வாய் திறந்திருந்தது. சிரிப்பு லேபிளில் இருந்த அதே அளவுக்கு இருந்தது. அழித்துவிட்டு, உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். விரல் இருந்தது. விரலுக்குப் பின்னால் சிரிப்பும் இருந்தது. போனைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்துப் போட்டாள்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று போனாள். லட்சுமிகாந்தம் லேசில் அசைகிற ஆளில்லை. மகள் வாயைத் திறந்ததும் கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பல்லை யாரு கட்டச் சொன்னது?"

"நம்ம மத்தாப்பு லேபிள்ல உள்ள மாதிரிதான்ப்பா..."

"எடுத்துரு. அதோட கம்பெனிப் பக்கம் வராத." அவர் மகள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். கல்யாணம் முடிவானால் பெண் தன் கையாலேயே கம்பெனி ஆட்களுக்குச் சேலையும் பலகாரமும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சீசன் விளங்காது என்பது அம்மாவின் கட்சி. அப்பா சொன்னதை ஹர்ஷினி சொல்லிப் பார்த்தாள். "அவர் கிடக்காரு, நீ போ" என்று அம்மா சாத்தூர்க் காராச்சேவையும் சேலைகளையும் காரில் ஏற்றிவிட்டாள். புருசன் பேச்சைக் கேட்டுப் பழகாத மகராசி.

நாரணாபுரம் ரோட்டுக் கம்பெனியில் பெண்கள் வரிசையாக வந்து வாங்கினார்கள். ஹர்ஷினி யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. வாய்தான் சிரித்தது. வாங்கினவர்கள் அந்த வாயையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஒதுங்கிப் போனார்கள். லேபிள் ஒட்டும் அறையிலிருந்து கடைசியாக ஒரு நடுவயதுக்காரி வந்தாள், கையெல்லாம் பசை. வெள்ளைத்தாய் என்று பேர். சேலையை வாங்கவில்லை.

"தாயி, ஒருக்கா நல்லாச் சிரிங்க" என்றாள்.

ஹர்ஷினி உதட்டைக் கடித்தாள். அந்தச் சாய்ந்த பல் மட்டும் உதட்டில் பதியவில்லை.

"இது எம்மக பல்லு. மாரிக்கனி பல்லு" என்றாள் வெள்ளைத்தாய். "ஆயுத பூசையன்னைக்கு இங்கன வச்சுத்தான் அவளைப் படம் பிடிச்சாக. லேபிள்ல கண்ணை மாத்தி, நெறத்தைக் கூட்டி, மூக்குத்திய அழிச்சிட்டாக. பல்லை மட்டும் தொடல. அதைப் பார்க்கத்தான் இந்த ஒட்டுற வேலையே கேட்டு வாங்குனேன்."

"மாரிக்கனி இப்ப எங்க?"

அதைத்தான் வெள்ளைத்தாய் இவளிடம் கேட்க வந்திருந்தாள். கொரோனாவுக்கு முந்தின வருசம் இதே கம்பெனியில் ஒரு அறை வெடித்தது. வெள்ளைத்தாய் அன்றைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் களையெடுக்கப் போயிருந்தாள். தலைவலி என்று வீட்டில் படுத்திருந்த மகளைத் திரும்பி வந்து பார்த்தால் காணவில்லை. ஓடிவந்து முதலாளியைக் கேட்டாள். ஒரு அறைக்கு நாலு பேர்தான் சட்டம், நாலு உடலும் கிடைத்தாயிற்று, உன் மகள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றார் லட்சுமிகாந்தம். எவன்கூடவோ போயிருப்பாள், விசாரி என்றும் சொன்னார். செத்தவளின் சிரிப்பை மட்டும் அவர் விடவில்லை. நன்றாக ஓடுகிற லேபிளை யாராவது மாற்றுவார்களா என்று இன்றைக்குவரை அதே படத்தைத்தான் அச்சடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவள் செத்த சங்கதி அந்தக் கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நேர்ல பாக்காம பல்லு இப்படி வராது" என்றாள் வெள்ளைத்தாய். "அவளை எங்கன பாத்தீக? நல்லா இருக்காளா? அது மட்டும் சொல்லுங்க, போதும். நான் தேடி வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்."

ஹர்ஷினிக்கு அந்தப் பெண்பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குத் தெரியாதும்மா, பெட்டியைப் பார்த்துக் கட்டின பல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாக்கு நேரே சாய்ந்த பல்லுக்குப் போய் நின்றுகொண்டது. அலுமினியப் பொடி தொண்டைவரை இறங்கியது.

"யம்மா, நான் எங்கயும் போகல."

குரல் ஹர்ஷினியுடையதுதான். பேச்சு அவளுடையதில்லை.

"தலைவலி விட்டுருச்சு. ஆர்டர் நெருக்குதுன்னு முதலாளி ஆள் விட்டாரு. பின்வாசல் வழியா வந்தேன். நாலு பேரு ரூம்ல அஞ்சாவதா உக்காருன்னு அவருதான் சொன்னாரு."

ஆபீஸ் அறையிலிருந்து லட்சுமிகாந்தம் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். அவர் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள்.

வெள்ளைத்தாய் அழவில்லை. பசைக் கையை இடுப்புச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எம்புள்ள எவன்கூடயும் ஓடலையா முதலாளி?" என்று கேட்டாள். "தெனமும் ஏசுனேனே. ஓடுகாலி, ஓடுகாலின்னு தெருவுல நின்னு ஏசுனேனே. ஒரு நாளு அவளுக்குன்னு ஒரு வெளக்கு ஏத்தல. நான் வெளங்குவேனா?"

ஹர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். இந்த மனுசன் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடக்க வேண்டுமே என்று நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாய் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

"ஹர்ஷினி" என்றார் லட்சுமிகாந்தம். "வாயை மூடும்மா."

மூடப் பார்த்தாள். இரண்டு கையாலும் உதட்டைச் சேர்த்துப் பிடித்தாள். சேரவில்லை.

வெள்ளைத்தாய் அருகில் வந்து, பசை காய்ந்த விரல்களால் அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"மூடாதீக தாயி. அவ இன்னும் பேசி முடிக்கல."